குடலுக்குள் குடல் செருகிவிட்டதாம். வெட்டாமல் இழுத்துவிட முடியாதா?

விழித்திருக்கிறேன் | வெள்ளி இரவு 1:48

எமர்ஜென்சி வார்டு வெளியில உட்கார்ந்து எழுதுறேன். தம்பிக்கு 22 வயசு. ரெண்டு வருஷமா வயித்துவலி வரும், போகும். வரும்போது சுருட்டிப் பிடிக்கும், முழங்காலை மடிச்சு நெஞ்சோட அணைச்சுக்குவான். அரை மணி, ஒரு மணி நேரத்துல விட்டுடும். விட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து போயிடுவான். மூணு டாக்டர் பார்த்தாச்சு. ஒருத்தர் கேஸ்னார், ஒருத்தர் அல்சர்னார், இன்னொருத்தர் பரீட்சைப் பயம்னு சொல்லி அனுப்பிட்டார். எடுத்த ஸ்கேன் எல்லாம் வலி விட்ட பிறகு எடுத்தது, எல்லாமே நார்மல்.

நேத்து சாயந்திரம் வந்த வலி விடவே இல்லை. பச்சைப் பச்சையா வாந்தி. வயிறு பறை மாதிரி உப்பிடுச்சு. காலையில இருந்து காத்துகூடப் பிரியலை. சி.டி. எடுத்துட்டு டியூட்டி டாக்டர் சொன்னார்: சிறுகுடலுக்குள்ள சிறுகுடலே செருகிக்கிச்சு, அதோட முனையில பாலிப் மாதிரி ஒரு சதை தெரியுது, விடியறதுக்குள்ள ஆபரேஷன். குடல்ல ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வரலாம்னு கையெழுத்து கேக்குறாங்க.

எனக்கு ஒரே கேள்வி. உள்ளே போனதை வெளியே இழுத்துவிட்டா போதாதா? ஏன் வெட்டணும்?

எல்லாம்வாயு | இரவு 1:57

சகோதரி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. எங்க அக்கா பையனுக்கு 9 மாசத்துல இதே செருகல்தான். ஆசனவாய் வழியா காத்தைச் செலுத்தியே சரி பண்ணிட்டாங்க, ஒரு தையல்கூட இல்லை. முதல்ல நல்ல பேதி மருந்தா ஒண்ணு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அடைப்பு தானா உடையும்.

தியேட்டர்_சிஸ்டர் | இரவு 2:04

பேதி மருந்து ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது! அடைச்ச குழாய்க்குப் பின்னாடி இன்னும் அழுத்தத்தை ஏத்துற வேலை அது. குடல் கிழிஞ்சா உள்ளே இருக்கிறது அத்தனையும் வயித்துக்குள்ள கொட்டும். நெறியாளர் யாராவது முழிச்சிருந்தா மேல இருக்கிற அந்த வரியை எடுங்க.

தங்கச்சி, நான் 26 வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பார்த்தவ. இப்போ நீங்க பார்க்க வேண்டியது இதுதான். தண்ணி உட்பட வாய்வழியா எதுவும் கொடுக்கக் கூடாது. மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் போட்டு வயித்துல தேங்கினதை எடுத்திருக்கணும். பார்க்கப் பாவமா இருக்கும், ஆனா வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடாம காப்பாத்துறது அந்தக் குழாய்தான். ட்ரிப்ஸ் வேகமாப் போகணும், ஏன்னா அடைப்புல லிட்டர் கணக்கா தண்ணி குடலுக்குள்ளயே தங்கிடும், ரத்தத்துக்கு வராது. மூத்திரக் குழாய் போடுறது மணிக்கு எவ்வளவு போகுதுன்னு அளக்க. ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு பார்த்துச் சரிக்கட்டிட்டுத்தான் மயக்க மருந்து டாக்டர் உள்ளே விடுவார். இதுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும். அதைத் தாமதம்னு நினைச்சுக்காதீங்க.

விழித்திருக்கிறேன் | இரவு 2:09

எல்லாம் போட்டிருக்காங்க அக்கா. டியூப்ல பச்சைத் தண்ணி ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. இப்போ வலி கொஞ்சம் குறைஞ்சிருக்குங்கிறான். குறையறது நல்லதுதானே? ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமான்னு அப்பா கேக்குறார்.

ஓய்வுபெற்ற_கத்தி | இரவு 2:21

தள்ளிப்போட வேண்டாம் அம்மா. வலி குறைய இரண்டு காரணம் உண்டு. குழாய் வழியாக அழுத்தம் இறங்கியதால் குறையலாம். குடலுக்கு உணர்வே போகத் தொடங்கியதாலும் குறையலாம். வெளியே நின்று பார்க்கிறவரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. முப்பது வருடம் வயிற்றைத் திறந்து பார்த்த எனக்கே முடியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் கைநுனியைப் பிடித்து உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரே இடத்தில் மூன்று அடுக்குத் துணி சேரும். குடற்செருகல் அப்படித்தான். குடலுக்குத் தன் உள்ளே இருப்பது உணவா, தன்னிலேயே முளைத்த சதையா என்று தெரியாது. எது தட்டுப்பட்டாலும் முன்னோக்கித் தள்ளும். காம்புள்ள பாலிப்பைத் தள்ளும்போது காம்பு குடல் சுவரை இழுக்கிறது, சுவர் அடுத்த பகுதிக்குள் நுழைகிறது. பலமுறை தானாகவே விலகிவிடும். தம்பியின் இரண்டு வருட வலி பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். வந்து போனதுதான் அங்கே துப்பு. வலி விட்டபின் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இந்த முறை விலகவில்லை. செருகிய குடலோடு, அதற்கு ரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் சவ்வும் உள்ளே போய் நசுங்குகிறது. முதலில் அடைபடுவது சிரை, அதன் சுவர் மெல்லியது. ரத்தம் வரும், திரும்பிப் போகாது. குடல் வீங்கும். வீங்கியது இன்னும் இறுக்கும். பிறகு தமனியும் அடைபடும். அதன் பிறகு எஞ்சியிருப்பது மணிக்கணக்கு மட்டும்.

எல்லாம்வாயு அவர்கள் சொன்ன காற்றுச் சிகிச்சை உண்மைதான், ஆனால் அது குழந்தைகளுக்கு. அவர்களுக்குப் பெரும்பாலும் முனையில் எந்தக் கட்டியும் இருக்காது. சிறுகுடல் பெருங்குடலுக்குள் நுழையும் இடத்தில் நடப்பது அது, கீழிருந்து காற்றோ நீரோ கொடுத்துத் தள்ளலாம். வயது வந்தவர்களில் கதை தலைகீழ். பத்தில் ஒன்பது பேருக்கு முனையில் ஏதோ ஒரு வளர்ச்சி உட்கார்ந்திருக்கும். காற்றால் தள்ளிவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். தம்பிக்கோ செருகல் சிறுகுடலின் மேல்பகுதியில் என்றால், கீழிருந்து செலுத்தும் காற்று அங்கே போய்ச் சேரவே சேராது.

வெட்டுவதா விடுவதா என்பது உள்ளே பார்த்த பிறகு எடுக்கும் முடிவு. “வேண்டி வரலாம்” என்று எழுதி வாங்குவது அதனால்தான். கையெழுத்துப் போடுங்கள்.

விழித்திருக்கிறேன் | இரவு 2:26

போட்டுட்டேன். கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நிழற்படம் | இரவு 2:40

நான் ஸ்கேன் பிரிவுல டெக்னீஷியன். மத்தவங்களுக்குப் பயன்படும்னு எழுதுறேன். செருகின குடலைக் குறுக்கா வெட்டின படத்துல பார்த்தா வட்டத்துக்குள்ள வட்டம், குறி பார்த்துச் சுடுற பலகை மாதிரி இருக்கும். நீளவாக்குல தடியா உருளை மாதிரி. நடுவுல கருப்பா கொழுப்பும் ரத்தக் குழாயும் மாட்டியிருக்கும். குடலுக்குள்ள கொழுப்புக்கு வேலையே இல்லை, அது தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். சாதா எக்ஸ்ரேல அடைப்பு இருக்கிறது தெரியும் (சிறுகுடல் 3 செ.மீ.க்கு மேல விரிஞ்சு, காத்தும் தண்ணியும் படி படியா நிக்கும்), ஆனா எதனால அடைச்சிருக்குன்னு தெரியாது.

இன்னொண்ணு. வேற எதுக்கோ சி.டி. எடுக்க வந்தவங்ககிட்ட ரெண்டு மூணு செ.மீ. நீளத்துல குட்டிச் செருகல் தெரியும். வலி இல்லை, அடைப்பு இல்லை, முனையில கட்டி இல்லை. அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தா காணாமப் போயிருக்கும். அதைப் பார்த்துட்டு யாரும் கத்தியைத் தூக்க மாட்டாங்க. ரிப்போர்ட்ல அந்த வார்த்தையைப் பார்த்த உடனே கலங்கி இங்கே ஓடி வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

பாதிக்குடல் | சனி காலை 5:32

இப்பதான் எழுந்து பார்த்தேன். அக்கா, உங்க தம்பி இப்ப இருக்கிற இடத்துல நான் ரெண்டு தடவை இருந்திருக்கேன். 14 வயசுல ஒண்ணு, 29ல ஒண்ணு. முதல் தடவை ஊரே வயித்துப்புழுன்னு சொல்லிச்சு, ரொம்ப லேட். 90 செ.மீ. குடல் கருத்துப்போய் எடுத்தாங்க. ரெண்டாவது தடவை கடைசிச் சிறுகுடல் போச்சு. அந்தக் கடைசிப் பகுதியிலதான் பி12 உறிஞ்சப்படுமாம், அதனால எனக்கு ஆயுசுக்கும் பி12 ஊசி. இப்போ ரெண்டரை மீட்டர் மிச்சம். பேர் வச்சது சும்மா இல்லை.

ஒரே ஒரு விஷயம் மறக்காதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் காப்பி கேட்டு வாங்குங்க. எவ்வளவு எடுத்தாங்கன்னு எல்லாரும் எழுதுவாங்க. எவ்வளவு மிச்சம், எந்த இடத்துல இணைச்சாங்க, அது இருக்கான்னு பாருங்க. அடுத்து வயித்தைத் திறக்கிற ஆளுக்கு வேண்டியது அந்த ரெண்டும்தான். என்னோட முதல் ஆபரேஷன்ல அது இல்லாம ரெண்டாவது டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார்.

ஓய்வுபெற்ற_கத்தி | காலை 6:10

பாதிக்குடல் தம்பி சொன்னது பொன். கூடவே எனக்கு இரவு முழுக்க உறுத்திய ஒன்றைக் கேட்கிறேன். 22 வயதில், சிறுகுடலில் பாலிப், இரண்டு வருடமாக வந்து போகும் வலி. விழித்திருக்கிறேன் அம்மா, தம்பியின் உதட்டில் மை தெளித்தது போலக் கரும்புள்ளிகள் உண்டா? அல்லது சிறு வயதில் இருந்தவை பிறகு மறைந்துபோயினவா?

விழித்திருக்கிறேன் | காலை 8:55

முதல்ல சேதி. ஆபரேஷன் முடிஞ்சுது, மூணு மணி நேரம். ஐ.சி.யூ.ல இருக்கான், கண்ணைத் திறந்து கையை அழுத்தினான்.

டாக்டர் வரைஞ்சு காட்டினார். ஜெஜுனம்னு சொன்னார், சிறுகுடலோட மேல்பாதி. செருகலை விலக்கிட்டாங்க. அதுல 35 செ.மீ. நிறம் திரும்பல, அதை மட்டும் எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க. முனையில இருந்த பாலிப் 4 செ.மீ. மலம் வெளியேற வயித்துல பை வைக்கலை. பாதிக்குடல் சொன்னதைக் கேட்டேன், மிச்சம் 4 மீட்டர் 10 செ.மீ.ன்னு நோட்ஸ்ல இருக்கு. ஒரு ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்து இன்னும் மூணு பாலிப் எடுத்தாங்களாம். அது எனக்குச் சரியாப் புரியலை.

சார், நீங்க கேட்ட புள்ளி. படிச்சதும் எனக்குக் கை நடுங்குச்சு. சின்ன வயசுல அவன் கீழுதட்டுல நிறைய இருந்துச்சு. பென்சில் கடிப்பான், அதான்னு அம்மா திட்டுவாங்க. பதினாறு பதினேழு வயசுல மங்கிப் போச்சு. சரியாயிடுச்சுன்னு விட்டுட்டோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தியேட்டர்_சிஸ்டர் | காலை 9:20

அப்பாடா!

ஸ்கோப் விஷயம் நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி செருகலை விலக்கினது. நீங்க முதல்ல கேட்டீங்களே, இழுத்துவிட்டா போதாதான்னு. இழுக்கவே மாட்டாங்க. இழுத்தா வீங்கின குடல் பிய்ஞ்சு கையோட வரும். செருகலோட கீழ்முனையை உள்ளங்கையில பிடிச்சு மேல்பக்கமா மெதுவா பிதுக்குவாங்க, கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கும். வெளியே வந்த குடல் நாவல் நிறத்துல இருக்கும். உடனே முடிவெடுக்க மாட்டாங்க. வெந்நீரில்லாம வெதுவெதுப்பான சலைன்ல நனைச்ச துணியைச் சுத்தி வச்சுட்டு, மயக்க டாக்டரை ஆக்சிஜன் ஏத்தச் சொல்லிட்டு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் காத்திருப்போம். யாரும் பேச மாட்டாங்க. எல்லார் கண்ணும் கடிகாரத்துல. துணியை எடுக்கும்போது சிவந்திருக்கா, தட்டினா சுருங்குதா, சவ்வுல நாடி துடிக்குதான்னு பார்ப்பாங்க. இப்பல்லாம் பச்சையா ஒளிர்ற ஒரு சாயத்தை ரத்தத்துல ஏத்தி, ரத்தம் எதுவரைக்கும் போகுதுன்னு கேமராவுல பார்க்கிற வசதியும் இருக்கு. உங்க தம்பிக்கு 35 செ.மீ. மட்டும் போனதுன்னா அந்தப் பதினஞ்சு நிமிஷம் மத்ததைக் காப்பாத்தியிருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் ஸ்கோப். குடலைத் திறந்ததும் அந்த வழியாவே எண்டோஸ்கோப்பை விட்டு மேலயும் கீழயும் முழுக்கப் பார்ப்பாங்க. நாங்க தியேட்டர் விளக்கை அணைச்சிடுவோம். குடல் உள்ளே இருந்து விளக்கு வச்ச காகிதக் கூண்டு மாதிரி ஒளிரும். பாலிப் இருக்கிற இடம் நிழலா தெரியும். கையால தடவிப் பார்த்தா தட்டுப்படாத சின்னச் சின்னதும் அதுல மாட்டும். ஒவ்வொண்ணுக்கும் குடலை வெட்டி எடுக்கிறதில்லை. சின்னதை ஸ்கோப் வழியா சுருக்குக் கம்பி போட்டு, பெருசை அந்த இடத்துல சிறுசா கீறி எடுத்துட்டுத் தைச்சிடுவாங்க. மறுபடி செருகுறதுக்கு உள்ளே ஆள் மிச்சம் வைக்காம துடைச்சு விடுறதுதான் நோக்கம்.

ஓய்வுபெற்ற_கத்தி | காலை 10:02

பென்சில் குற்றவாளி இல்லை. தம்பி விழித்ததும் ஒரு டார்ச் எடுத்து வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறம் பாருங்கள். உதட்டுப் புள்ளிகள் பருவ வயதுக்குப் பின் மங்கிவிடும், கன்னத்தின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் தங்கிவிடும். இருந்தால் டாக்டரிடம் காட்டி “பியூட்ஸ் ஜெகர்ஸ்” என்ற பரம்பரை நோயின் பெயரைச் சொல்லுங்கள். நேற்று இரவு ஓடிய ஓட்டத்தில் யாரும் வாய்க்குள் பார்த்திருக்க மாட்டார்கள்.

சம்பந்தம் கேட்டீர்கள். ஒரு பழைய கதை. குடற்செருகலுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையைப் பிழைக்க வைத்த முதல் வெற்றி 1871இல், லண்டனில், ஜொனாதன் ஹட்சின்சன் என்ற அறுவை நிபுணர் கையில். குழந்தைக்கு இரண்டு வயது. அதே ஹட்சின்சன் 1896இல் உதட்டில் கரும்புள்ளி உள்ள இரட்டைச் சகோதரிகளைப் பற்றிப் படத்தோடு எழுதினார். தோல் வினோதம் என்ற அளவில்தான். அந்த இருவரில் ஒருத்தி 20 வயதில் குடற்செருகலில் இறந்துபோனது பின்னால் தெரியவந்தது. இரண்டையும் கையில் வைத்திருந்த மனிதருக்கே முடிச்சு தெரியவில்லை! 1921இல் யான் பியூட்ஸ் என்ற டச்சு மருத்துவர் ஒரே குடும்பத்தில் புள்ளியும் பாலிப்பும் சேர்ந்து வருவதைக் காட்டினார். 1949இல் அமெரிக்காவில் ஹெரால்ட் ஜெகர்ஸ் குழு விரிவாக எழுதியது. காரணமான மரபணு எஸ்.டி.கே.11, 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கண்டுபிடித்தது 1998இல்.

இந்தப் பாலிப்கள் சாதாரண பெருங்குடல் பாலிப் வகையல்ல. குடலின் சொந்தத் திசுக்களே தாறுமாறாக வளர்ந்தவை, ஹமார்டோமா என்போம். பயாப்ஸி கண்ணாடியில் பார்த்தால் தசை மரம்போலக் கிளைவிட்டிருக்கும். அந்த முடிவு வரட்டும், அதற்கு முன் நான் முடிவுகட்டவில்லை.

எல்லாம்வாயு | காலை 10:30

நான் எழுதினதை நெறியாளர் எடுக்கலைன்னாலும் நானே எடுத்துடறேன்னு பார்த்தா நேரம் தாண்டிடுச்சு, திருத்த முடியலை. தப்பா சொல்லிட்டேன். தம்பி நல்லா வரட்டும்.

மாலைவெயில் | காலை 11:45

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு 64. பெருங்குடல் பாலிப்னு சொல்லி, அது பெருசாகி செருகி அடைப்பு வந்திருக்கு. ஆனா எங்க டாக்டர் பிதுக்குறதெல்லாம் கிடையாது, அந்தப் பகுதியை அப்படியே மொத்தமா எடுப்போம்னு சொல்றார். மேல படிச்சுட்டுக் குழம்பிட்டேன். எங்க ஆளு பழைய முறையில பண்றாரா?

ஓய்வுபெற்ற_கத்தி | பகல் 12:15

சரியாகச் சொல்கிறார். அந்த வயதில், பெருங்குடலில், முனையில் இருப்பது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு பாதியை ஒட்டியோ அதற்கு மேலோ. சிறுகுடலில் பெரும்பான்மை சாதுவான கட்டிகள். புற்று இருக்கலாம் என்று நினைக்கும் குடலைப் பிதுக்கினால் செல்கள் சிதறலாம், மெலிந்த சுவர் கிழியலாம். எனவே தொடாமல், நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து மொத்தமாக எடுப்பதுதான் விதி. பெருங்குடலில் அரை மீட்டர் போனாலும் மனிதன் சிரமமில்லாமல் வாழ்வான். சிறுகுடலில் நாம் கஞ்சத்தனம் பிடிப்பது அங்கேதான் சத்து உறிஞ்சப்படுகிறது என்பதால். மிச்சம் 2 மீட்டருக்குக் கீழே போனால் தொல்லை தொடங்கும்.

அடைப்பு முற்றிய நிலையில் பெருங்குடலை உடனே இணைத்தால் கசியும் என்று தோன்றினால், சில மாதங்களுக்கு வயிற்றில் பை வைப்பார்கள். அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாலைவெயில் | பகல் 12:20

நன்றி சார். தனி இழை தொடங்கிக்கிறேன்.

விழித்திருக்கிறேன் | ஞாயிறு இரவு 9:15

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கன்னத்துக்கு உள்ளே ரெண்டு பக்கமும் பத்துப் பதினஞ்சு புள்ளி. டாக்டர் வந்து பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார், மாணவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். தம்பிக்கு ஒரே வெட்கம்.

காத்து இன்னும் பிரியலை. ரவுண்ட்ஸ் வர்ற ஒவ்வொருத்தரும் அதையேதான் கேக்குறாங்க. ஆனா ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லிட்டாங்க. காத்துப் பிரியாம தண்ணி கொடுக்கலாமா?

பாதிக்குடல் | இரவு 9:40

என் காலத்துல காத்துப் பிரியற வரைக்கும் உதட்டை நனைக்க மட்டும்தான் விட்டாங்க. அஞ்சு நாள். ஆறாம் நாள் காத்துப் பிரிஞ்சப்ப வார்டே கைதட்டுச்சு, நிஜமா. தண்ணிக்கு அவசரப்படாதீங்க.

தியேட்டர்_சிஸ்டர் | இரவு 9:58

அது பழைய வழக்கம் தம்பி. இப்போ வாந்தியும் உப்பலும் இல்லைன்னா ரெண்டாம் நாளே சிப் சிப்பா ஆரம்பிக்கிறாங்க, தையலுக்கு அதனால கெடுதல் இல்லைன்னு பார்த்தாச்சு. எழுப்பி நடக்க வைங்க. குடல் தூங்கிட்டிருக்கு, நடந்தா முழிக்கும். தம்பி வாந்தி எடுத்தாலோ வயிறு திரும்ப ஏறினாலோ மட்டும் நிறுத்திட்டுச் சொல்லுங்க.

விழித்திருக்கிறேன் | புதன் காலை 7:30

திங்கட்கிழமை ராத்திரி காத்துப் பிரிஞ்சுது. அம்மா அழுதுட்டாங்க, நான் சிரிச்சுட்டேன்.

ஆனா நேத்து மதியத்துல இருந்து காய்ச்சல், 101. நாடித் துடிப்பு 118. தையல் விட்டிருக்குமோன்னு உடனே சி.டி. எடுத்தாங்க. உள்ளே கசிவு இல்லை. வெளித்தையல்லதான் சீழ். ரெண்டு தையலைப் பிரிச்சுவிட்டாங்க, காய்ச்சல் இறங்கிடுச்சு. அந்த நாலு மணி நேரம் ஆபரேஷன் ராத்திரியைவிட மோசம்.

ஓய்வுபெற்ற_கத்தி | காலை 8:05

சரியாகச் செய்திருக்கிறார்கள். இணைப்பு கசிவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சலைவிட நாடித்துடிப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நன்றாக இருக்கும் நோயாளிக்குக் காரணமில்லாமல் 110 தாண்டினால் நான் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே உட்கார்ந்திருப்பேன். என் மனைவிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

விழித்திருக்கிறேன் | 16 நாள் கழித்து

பயாப்ஸி வந்துடுச்சு. ஹமார்டோமா, நாலுமே. புற்று இல்லை. மரபணு டெஸ்ட்டும் அனுப்பியிருக்காங்க. இனிமே என்ன? மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வயித்தைத் திறக்கணுமா?

பாதிக்குடல் | அன்று மாலை

இல்லவே இல்லை! என்னை ரெண்டு தடவை வெட்டினது நான் செக்கப் போகாததால. இப்போ ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கேப்சூல், கேமரா வச்ச மாத்திரை. அதுல ஒன்றரை செ.மீ., ரெண்டு செ.மீ.ன்னு தெரிஞ்சா உடனே பலூன் எண்டோஸ்கோப்பி. ரெண்டு பலூனை மாத்தி மாத்தி ஊதி, குடலைத் திரைச்சீலை மாதிரி குழாய் மேல சுருக்கிக்கிட்டே உள்ளே போவாங்க. ஜப்பான்ல யமமோட்டோன்னு ஒரு டாக்டர் 2001ல வெளியிட்டது. நான் 14 வயசுல படுத்திருந்தப்ப அது இல்லை. போன வருஷம் அதுலயே 5 பாலிப் எடுத்துட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

ஓய்வுபெற்ற_கத்தி | அன்று இரவு

இன்னொரு பேச்சு, அம்மா. இது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. புதிதாகத் தம்பியிடமே தொடங்கியிருக்கவும் கூடும். தம்பியின் மரபணு மாற்றம் தெரிந்துவிட்டால் உங்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிந்துவிடும். குடும்பத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 8 வயதில் முதல் எண்டோஸ்கோப்பியும் கேப்சூலும் செய்யச் சொல்கிறார்கள். அடைப்பு இளம் வயதின் ஆபத்து. வயது ஏற ஏற, குடல், கணையம், பெண்களுக்கு மார்பகம் என்று புற்றுநோய் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதற்கும் தனியாகக் கண்காணிப்பு உண்டு. பயமுறுத்தவில்லை, தேதி குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

விழித்திருக்கிறேன் | 3 மாதம் கழித்து

கேட்டவங்களுக்காக. தம்பிக்கு எஸ்.டி.கே.11 உறுதி. அம்மாவுக்கும் இருக்கு. அவங்க 51 வருஷமா ஒரு வலியும் இல்லாம இருந்திருக்காங்க, பெருங்குடல்ல மட்டும் ரெண்டு சின்ன பாலிப், எடுத்தாச்சு. எனக்கு இல்லை. ரிசல்ட் பார்த்ததும் நிம்மதி வரும்னு நினைச்சேன். தம்பி முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருந்துச்சு. அவன்தான் “உனக்கு ஏன்டி மூஞ்சி இப்படி”ன்னு கேட்டான்.

அவன் 6 கிலோ ஏறிட்டான். பரீட்சையும் எழுதிட்டான்.

ஒற்றைமரம் | 7 மாதம் கழித்து

பழைய இழையைக் கிளப்புறதுக்கு மன்னிக்கணும். வயசு 27, ஒன்றரை வருஷமா இதே மாதிரி வந்து போற வலி. போன மாசம் ரெண்டு தடவை வாந்தியோட. இந்தக் கேப்சூல் மாத்திரையை முழுங்கிப் பார்த்துடலாமா? கத்தியும் இல்லை, குழாயும் இல்லையே.

ஓய்வுபெற்ற_கத்தி | அன்று

வலியும் வாந்தியும் அடைப்பைக் காட்டும்போது அதை முதலில் விழுங்கக் கூடாது. குறுகிய இடத்தில் மாத்திரையே மாட்டி, அதை எடுக்க ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் உண்டு. முதலில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வழி சிறுகுடலைப் பார்ப்பார்கள். தேவையென்றால் கேமரா இல்லாத, தானே கரையும் ஒரு சோதனை மாத்திரை கொடுத்து வழி இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே கேப்சூல்.

விழித்திருக்கிறேன் | அன்று

முடிஞ்சா வலி இருக்கும்போதே போய் ஸ்கேன் எடுங்க. விட்டதும் நார்மல்னு வந்துடும், எங்களுக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு.

ஒற்றைமரம் | அன்று

இப்போ வலி விட்டுடுச்சு.

விழித்திருக்கிறேன் | அன்று

விட்டாலும் டாக்டரைப் பாருங்க, ரெண்டு தடவை வாந்தி வந்ததையும் சொல்லுங்க. வாய்க்குள்ள பார்த்தீங்களா?

ஒற்றைமரம் | அன்று

உதட்டுல ஒண்ணும் இல்லையே. இருங்க, டார்ச் எடுத்துட்டு வர்றேன்.